பெரிய வெள்ளியில் அடித்த மணி

எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிப்பது என் வேலை. பூசைக்கென்றால் நிறுத்தி நிறுத்தி, குண்டு போடும் பொம்மர் வந்தால் விடாமல். விடாமல் கேட்டால் சனம் வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் இறங்கிவிடும். சண்டைக் காலத்தில் எங்களுக்கு வேறு சைரன் இல்லை. இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை, அந்தப் பெரிய வெள்ளி வரும்வரை.

பெரிய வியாழன் பூசையோடு மணி மௌனமாகிவிடும். ஆண்டவர் உயிர்க்கும்வரை மரக்கட்டையைத்தான் தட்டுவோம். வெள்ளி மத்தியானம் சிலுவைப்பாதைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது வானத்தில் இரைச்சல் கேட்டது. கட்டையைத் தட்டினால் சிலுவைப்பாதை தொடங்கிவிட்டதென்று எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். மணியை அடித்தாலோ, ஆண்டவர் இறந்த நாளில் அடித்தவனாவேன். கயிற்றைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றேன். பிறகு விடாமல் அடித்தேன்.

ஒருவரும் பங்கருக்குப் போகவில்லை. எந்தப் பாவி அடிக்கிறான் என்று பார்க்க ஊரே கோயிலுக்கு ஓடி வந்தது. முன்னால் வந்தவர் கடற்தொழில் செய்யும் அந்தோனி அண்ணை.

"டேய் சவிரி, உனக்கு மூளை பிரண்டு போச்சோ? இண்டைக்கு மணி அடிக்கிறதோ?"

"அண்ணை, பொம்மர்! மேலை பாருங்கோ!"

"அதுக்குக் கட்டையைத் தட்டியிருக்கலாமே!"

பொம்மர் எங்கள் தலைக்கு மேலாகப் போய்த் தூரத்தில் எங்கோ குண்டு போட்டது. இங்கே போட்டிருந்தால், எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்தவன் நானாக இருந்திருப்பேன். நேரே எங்கள் பங்குச் சுவாமியாரிடம் ஓடினேன்.

"சுவாமி, நான் செய்தது பாவமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சனத்துக்கு நான் சொல்லுறன்" என்றார் சுவாமியார். அன்றைய வழிபாட்டிலேயே கண்டிப்பாகச் சொன்னார்: "இனி மணி விடாமல் கேட்டா ஒருத்தரும் யோசிக்கக் கூடாது. நிண்ட இடத்திலையே விழுந்து படுங்கோ."

மறுநாள் இரவு வைக்கும் பாஸ்கா உயிர்ப்புப் பூசையை, விளக்கு வெளிச்சத்துக்குப் பொம்மர் வந்துவிடுமென்று பொழுதுபட முன்னரே வைத்தோம். சுவாமியார் உயிர்ப்பு மணி அடிக்க வேண்டிய 'உன்னதங்களிலே' கீதத்தைப் பாடத் தொடங்கினார். உயிர்ப்பு மணியையும் விடாமல்தான் அடிப்பது. சந்தோசத்தில் அடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். கோயில் முழுவதும் குப்புறக் கிடந்தது. சுவாமியார் மட்டும் நின்று பாடிக்கொண்டிருந்தார். நிறுத்தவா, அடிக்கவா என்று அவரைப் பார்த்தேன். அவர் பாடியபடியே கூரையைப் பார்த்தார்.

"டேய் சவிரி, இது ஆண்டவருக்கோ பொம்மருக்கோ?" தரையில் கிடந்தபடி அந்தோனி அண்ணை கத்தினார்.

"ஆண்டவருக்கு அண்ணை, எழும்புங்கோ!"

மணிச் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: கயிற்றில் கை வைக்குமுன் எதற்கு அடிக்கப்போகிறீர்கள் என்று சனத்திடம் சொல்லிவிடுங்கள். அன்று நான் உயிர்ப்பு மணியை நிறுத்திய பிறகுதான் எங்கள் சனம் எழும்பியது.