காலி நாற்காலிகள்

என் அண்ணிக்குக் கதை சொல்ல வராது. இரண்டரை மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கடைசியில சேர்ந்துட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று நனைந்த துணியோடு வந்து, வீட்டில் இருக்கிற விளக்கையெல்லாம் போடச் சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. வேண்டுமானால் குறைத்திருப்பேன்.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அண்ணியின் தொழில். அருங்காட்சியகத்தில் பல வருடம் அந்த வேலையில் இருந்தார். மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. தனியாகச் செய்து காட்டுகிறேன் என்று வீம்பாக வெளியே வந்தார். வந்த பிறகு மாதக்கணக்கில் ஒருவரும் கூப்பிடவில்லை. முதலில் கூப்பிட்டவர் ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். அந்த வேலையை எப்பாடு பட்டாவது நல்லபடியாக முடித்துவிட வேண்டும் என்று அண்ணிக்கு ஒரே வைராக்கியம்.

டாக்டர் வீட்டு மாடியில் நீளமான ஓர் அறை. சுவர் முழுக்க ஒரே அம்மாள் வரைந்த ஓவியங்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தவரை ஒரு படத்தைக்கூட அவர் வெளியே வைத்ததில்லை. அவர் இறந்து, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டை ஒழித்தபோது, டாக்டர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வந்திருந்தார்.

எல்லாப் படத்திலும் ஒரே விஷயம்தான். ஓர் அறை, ஒரு ஜன்னல், நடுவில் ஒரு காலி நாற்காலி. ஒன்றில் பிரம்பு நாற்காலி, ஒன்றில் மர நாற்காலி, ஒன்றில் சிவப்பு மெத்தை வைத்தது. ஆள் கிடையாது.

"என் க்ளினிக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு" என்று டாக்டர் சிரித்தாராம். பிறகு மகள் வீடுவரை போய்வருவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியம்தான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மெத்தை நாற்காலிப் படத்தை மேஜையில் வைத்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, லேசாக நனைத்து, மேலே படிந்திருந்த அழுக்கை ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தார்.

மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் வரையப்பட்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. என்ன கை இந்த அம்மாவுக்கு என்று அண்ணி மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. எண்ணெய் வாசனை. அப்போதுதான் குழைத்த வண்ணத்திலிருந்து வருமே, அது. அண்ணி வண்ணம் எதையும் கொண்டு போகவில்லை. அந்த வீட்டில் வரைகிறவர் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருந்தது.

அடுத்த முறை ஒற்றியபோது பஞ்சு சிவப்பாக வந்தது.

அண்ணி கையை எடுத்துவிட்டார். அவ்வளவு பழைய எண்ணெய் வண்ணம் ஈரப் பஞ்சுக்கெல்லாம் அசையாது. கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

ஈரம்.

குனிந்து பார்த்தார். மெத்தையில் அந்தப் பள்ளம்... முன்பிருந்த ஆழம் இல்லை. ஆள் எழுந்ததும் மெத்தை மெல்ல மெல்ல மேலே வருமே, அப்படி வந்துகொண்டிருந்தது.

கண் கெட்டுவிட்டதா என்று தேய்த்துக்கொண்டார். அப்போது பின்னால் ஒரு சத்தம்.

க்ரீச்...

நாற்காலியிலிருந்து யாரோ எழுந்திருக்கிற சத்தம். அந்த அறையில் நாற்காலியே இல்லை.

அண்ணி திரும்பிப் பார்த்தார். சுவர். படங்கள். வேறு ஒன்றும் இல்லை.

க்ரீச்... இன்னொரு மூலையில்.

க்ரீச்...

ஓடிவிடலாம் என்று தோன்றியது. முதல் வேலை, பாதியில் ஓடினால் ஊர் என்ன பேசும் என்றும் தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பினார். எதிரே ஜன்னல். வெளியே இருட்டியிருந்ததால் கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

சுவரோரமாக. வரிசையாக.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தபடி.

அண்ணிக்குக் கழுத்து திரும்பவில்லை.

கண்ணாடியில் ஒருத்தி நகர்ந்தாள். பக்கத்தில் வந்தாள். இன்னும் பக்கத்தில்...

தோளுக்கு மேல் குனிந்தாள்.

காதில் மூச்சு பட்டது. சில்லென்று.

"கொஞ்சம் எந்திரிம்மா... எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?"

அண்ணி எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

ஸ்டூல் க்ரீச்சென்றது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடிவந்து, கேட்டுக்கு வெளியே மழையில் நின்றிருக்கிறார். டாக்டர் திரும்பி வந்ததும், உடம்பு சரியில்லை, இனி வர முடியாது என்று மட்டும் சொன்னார். அவர் மேலே போய் அண்ணியின் பையை எடுத்து வந்து கொடுத்தார். அங்கே ஒன்றும் இல்லையாம். ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்டூல்ல சிவப்பு பெயிண்ட் கொட்டிட்டீங்களாம்மா?"

அண்ணிக்கு மூன்று நாள் காய்ச்சல். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த அம்மாள் யார், அந்த அறையில் யார் நின்றது என்று தெரியாமல் தூக்கம் வராது என்று அடம் பிடித்தார். டாக்டரிடம் விசாரித்ததில், அந்த அம்மாளின் தம்பி ஊரின் மறுகோடியில் மகனோடு இருப்பது தெரிந்தது. தனியாகப் போகப் பயந்ததால் நானும் கூடப் போனேன். ஆகவே இனிச் சொல்வது என் காதால் கேட்டது.

தம்பிக்கு வயது ஆகியிருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது. வேலை ஆரம்பிக்கும் முன் அண்ணி ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்து வைத்திருந்தார். நடந்தது எதையும் சொல்லாமல் அதை மட்டும் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசிவரை போய், மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

உங்கள் அக்கா வரைந்தவைதானே என்று நான் கேட்டேன். கை அவளுடையதுதான், நாற்காலிகளும் எங்கள் வீட்டு நாற்காலிகள்தான் என்றார். பிறகு ஒவ்வொரு படமாக விரலால் சுட்டிக் காட்டினார்.

"எங்கக்கா காலி நாற்காலிய வரைஞ்சதே இல்லப்பா. இதுல எங்கம்மா உக்காந்திருந்தாங்க. இதுல எங்க அத்தை. இந்த மெத்தையில பக்கத்து வீட்டு டீச்சர். வரையறப்ப நான் கூட நின்னு பார்த்தவன்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இவங்கல்லாம் எங்கே?"