சாமியைக் கொன்றவள்

சங்ககிரியில் கந்தப்பன் லாரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்றே ஓர் ஏ.சி. அறை கட்டினார்கள். சித்திரை வெயிலில் டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். அந்தப் பெட்டி மட்டும் மாப்பிள்ளை கணக்காகக் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். எண்பத்தேழாம் வருஷம் அது. உள்ளே பெரிய பெட்டி, வெளியே ஹாலில் அதோடு ஒயரால் பிணைத்த சில திரைகள். எந்த லாரி எந்த ஊரில் நிற்கிறது, திரும்பி வருகையில் எங்கே ரிட்டர்ன் லோடு ஏற்றப்போகிறது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் வசந்தாமணி. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் அறைந்த அறையில் இடது காது கேட்காமல் போய், கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வாழாவெட்டி என்ற பட்டத்தை ஊர் உடனே கொடுத்துவிட்டது. அவள் சும்மா இருக்கவில்லை, சேலத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். வேலை கிடைத்த பிறகுதான் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சோறு போட்டாள். இந்த வேலை போனால் மறுபடியும் அந்தப் புருஷன்தான் கதி என்று அண்ணன் சொல்லியே வைத்திருந்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லாரிகளுக்கெல்லாம் மாலை போட்டு, கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார்கள். கந்தப்பனின் மச்சினன் அப்புசாமிதான் ஆபீசுக்கு மேனேஜர். அவன் சர்வீஸ் எஞ்சினியரைப் பிடித்து ஒரு காரியம் செய்திருந்தான். காலையில் திரையைப் போட்டதும் நட்சத்திரப் புள்ளிகளாலேயே ஒரு பிள்ளையார் தும்பிக்கையோடு எழுந்து வருவார். அவருக்குக் கீழே உன் பேரென்ன, உன் ரகசியச் சொல் என்ன என்று கேட்கும். முதலாளி உருகிப்போனார். அன்றிலிருந்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையாருக்குக் கீழே தங்கள் ரகசியச் சொல்லைத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். வசந்தாமணியும் தட்டினாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் அந்த நேரத்தில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று கேட்டால் அது வரிசையாகச் சொல்லும். நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், முதுகுக்குப் பின்னால் ஓடுவதுதான் அதிகம். பிரிண்டரைக் கவனிப்பது ஒன்று, நேரம் பார்த்து மற்ற வேலைகளைக் கிளப்பிவிடுவது ஒன்று. சாயங்காலம் பட்டியில் ஆடு எல்லாம் வந்துவிட்டதா என்று பார்ப்பது போல அவற்றைத் தினமும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்த வரிசையில் 'சாமி' என்று புதிதாக ஒன்று நின்றது.

பிள்ளையார் படத்தைப் போடுகிற வேலை அது என்று எஞ்சினியர் சொல்லியிருந்தான். சரி, படம் போட்டாயிற்று, அப்புறமும் ஏன் நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கிறது? திரைகளையெல்லாம் அணைத்த பிறகும் ஏன் போகவில்லை? அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குக் கெட்ட காலம் தொடங்கியிருந்தது. நாக்பூரானாலும் பெல்காமானாலும் ரிட்டர்ன் லோடு ஏற்ற இவர்கள் லாரி போய் நிற்பதற்குள் வேறு யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தான். லாரிகள் காலியாகத் திரும்பின.

அவள் முதலாளியிடம் போனாள்.

"ஏனுங்க மொதலாளி, அந்தச் சாமி மேல எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. பூசை முடிஞ்சும் பூசாரி வெளிய வராம, உள்ள கதவைச் சாத்திக்கிட்டா சந்தேகப்படமாட்டமுங்களா? நாம தட்டற ரகசியச் சொல்லையெல்லாம் அது புடிச்சு வெச்சுக்குதோ என்னமோ. அதை எடுத்துப் போடோணுமுங்க."

"எடுத்துப் போடறதுன்னா எப்படி அம்மிணி?"

இங்கேதான் அந்தப் பாவி மகள் வாயைக் கொடுத்துக் கெட்டாள். நிறுத்துவது என்று சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கம்ப்யூட்டரில் அதற்குள்ள கட்டளையின் பெயர் கில். படித்ததை அப்படியே சொன்னாள்.

"கில்லுன்னு அடிக்கோணுமுங்க. கொல்றதுன்னு அர்த்தமுங்க."

கந்தப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன பேச்சுப் பேசற? என்ற ஆபீசுல சாமியக் கொல்லச் சொல்றியா? போ, போய் வேலையப் பாரு!"

அப்புசாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாளே ஒரு கட்டுக் காகிதத்தோடு மாமனிடம் வந்தான். லோடு விவரத்தை யார் யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுத்தது அது. ஆபீஸ் மூடிய பிறகு திறந்ததெல்லாம் வசந்தாமணி என்றிருந்தது.

"நான் சாயங்கால பஸ்ஸுக்கே போயிர்றனுங்க. என்ற பேர்ல வேற யாரோ தொறக்கறாங்க," என்றாள் அவள்.

"உன்ற ரகசியச் சொல்லு உனக்குத்தானே தெரியும்?" என்றான் அப்புசாமி. "புருசங்கிட்டவே இருக்கத் தெரியாம ஓடியாந்தவ. எந்த லாரிக்காரனுக்குச் சொல்றாளோ, யாரு கண்டா?"

ஹாலில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் குனிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவள் நேரே திரைக்குப் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைக் கவனிக்கிறவள் என்பதால் எந்த வேலையையும் நிறுத்த உரிமையுள்ள தலைமை ரகசியச் சொல் அவளிடம் இருந்தது. "எல்லாரும் பாத்துக்கங்க, அவங்கவங்க ரகசியச் சொல்லையும் மாத்திக்கங்க. இனிமே நம்ம லோடு கை நழுவிப் போகுதான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு, கில் என்று அடித்து, வரிசையில் சாமிக்கு நேரே இருந்த எண்ணையும் அடித்தாள். வரிசையிலிருந்து அது போய்விட்டது. அடுத்த நாள் காலையில் திரையில் பிள்ளையார் வரவில்லை.

அன்று மத்தியானம் தொப்பூர்க் கணவாயில் செங்கோடன் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்தது. மனுஷனுக்கு ஒரு கால் போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை, பட்டறையில் விடுங்கள் என்று அவன் முதலாளியிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருந்தான், மார்கழி போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாமியைக் கொன்றாள், வண்டி கவிழ்ந்தது என்றார்கள். செங்கோடனின் பெண்டாட்டி பொன்னாயி ஆபீஸ் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். வசந்தாமணியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகு எங்கே போனாலும் ரிட்டர்ன் லோடு ஒழுங்காகக் கிடைத்தது. பார்த்தாயா, திருடி போனதும் திருட்டும் போயிற்று என்றான் அப்புசாமி. பிறகு எஞ்சினியரை வரவழைத்து, தேங்காய் உடைத்து, பிள்ளையாரை மறுபடியும் கம்ப்யூட்டருக்குள் குடியேற்றினார்கள். கொஞ்ச நாளில் லாரிகள் மறுபடியும் காலியாக வரத் தொடங்கின. அதற்கு யாரைச் சொல்வது? நேரம் சரியில்லை என்றார்கள்.

அண்ணன் சொன்னபடி செய்தான். குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவளைப் பரமத்தி வேலூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தான். ஆபீசில் வாங்கிய கெட்ட பேரும் சேர்ந்துகொள்ள, புருஷனுக்கு அடிக்கக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, எண்பத்தொன்பதில், கந்தப்பன் அந்தக் கொடிக்காலுக்கு வந்தார். காரில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். பாதி லாரிகளை விற்றாகிவிட்டது. அப்புசாமி சொந்தமாகக் கம்பெனி வைத்துவிட்டான். அவனோடு சண்டை போட்டுக்கொண்ட எஞ்சினியர் வந்து எல்லாவற்றையும் கக்கியிருந்தான்.

வசந்தாமணி வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். புருஷன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"அம்மிணி, நீ சொன்னது நெசம். எல்லார்த்தோட ரகசியச் சொல்லையும் அது புடிச்சு வெச்சிருக்குது. அது புள்ளையாரே இல்லியாமா. அப்புசாமிக்குச் செஞ்சு குடுத்ததுனால எஞ்சினியருதான் சாமின்னு பேரு வெச்சானாமா. அப்புசாமி உன்ற பேர்ல பூந்து பாத்து, லோடு வெவரத்த வேற கம்பெனிக்காரனுக்கு வித்திருக்கறான்."

அவள் அவர் வாயையே பார்த்தாள். "சத்தமாச் சொல்லுங்க. இப்ப வலது காதும் கேக்கறதில்லீங்க," என்றாள்.

கந்தப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் கத்திச் சொன்னார். வாய்க்காலில் நின்றவன் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தான்.

"கொல்றதுன்னு ஏஞ் சொன்ன? நிறுத்தறதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சரின்னிருப்பனே, சாமி!"

அவ்வளவு பேச்சில் அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான் அவர் உதட்டிலிருந்து அவளுக்குப் பிடிபட்டது.

"அந்தச் சாமியக் கொன்னதுக்குத்தானுங்களே என்னைய அனுப்புனீங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.