நோய் பார்க்கிற கிரைன்

வெயில் பளீரென்று அடிக்கிறது. கிரைன் லாங்கவெல்ட் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே அடி மேல் அடி வைத்து நடக்கிறார். பூக்கிழங்கு பயிரிடும் லிஸ்ஸே ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். குடை அவருக்கு அல்ல, இலைக்கு. நிழல் விழுந்தால்தான் ஹயசிந்த் பூச்செடியின் இலை நுனியில் ஓடும் பழுப்புக் கோடு தெரியும். மஞ்சள் நோயின் முதல் அடையாளம் அது.

மழை பெய்த அன்று மனிதர் வயலில் கால் வைக்கமாட்டார். ஈர இலையில் உரசினால் நோயை அவரே சுமந்துபோய் அடுத்த பாத்தியில் சேர்த்துவிடுவார். அன்றெல்லாம் வீட்டில் உட்கார்ந்து காப்பியில் குறை, ரொட்டியில் குறை. "வானம் எப்ப வெளுக்கும்? இந்த ஆளை முதல்ல வெளியே தள்ளணும்" என்பாள் மனைவி லீனா.

பூக்கிற காலத்தில் ஊரிலுள்ள கிழங்கு வியாபாரிகள் அத்தனை பேருக்கும் கிரைனின் கண் வேண்டும். நீராவிக் கப்பலேறி அமெரிக்கா போகிற பெட்டியில் ஒரு நோய்க்கிழங்கு இருந்தாலும் பெயர் கெட்டுவிடும். ஆனாலும் அவர் தலையைக் கண்டால் அவர்களுக்குப் பயம்தான். நோய்ச்செடி ஒன்று அகப்பட்டால் போதும், பக்கத்தில் மண்டியிட்டுக் கையை நீட்டுவார். நாலு பக்கமும் கை எட்டுகிற தூரம் வரை, நல்லது கெட்டது பாராமல், அத்தனையும் தோண்டி நெருப்புக்கு. போன வருஷம் பக்கத்து வீட்டு நேல்சே அம்மாளின் நீலப் பாத்தியில் பாதி அப்படித்தான் போனது. புருஷனை இழந்தவள், அந்தப் பாத்திதான் பிழைப்பு.

"நல்லா இருக்கிறதையும் ஏன்யா பிடுங்குற? நெஞ்சுல ஈரமே கிடையாதா உனக்கு?"

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றார் இவர். அதற்குப் பிறகு சர்ச்சில்கூட அவள் முகம் கொடுப்பதில்லை.

கிரைனுக்கும் வேலியோரமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு. விதை போட்டுப் பதினோரு வருஷம் வளர்த்த புது ரகம், முப்பத்தொரு கிழங்கு. மோர் நிறப் பூ, நடுவில் லேசாக நீலம். வேறு யாரிடமும் இல்லை. அடுத்த வாரம் வரப்போகும் நியூயார்க் வியாபாரிக்குப் பிடித்துவிட்டால் ஊரார் வயலில் குனிந்து நடக்கவேண்டியதில்லை. சொந்த நிலம் வாங்கலாம்.

தன் பாத்தியில் தானே நோய் பார்க்கக்கூடாது என்பது இங்கே வழக்கம். ஆசை கண்ணை மறைத்துவிடும். மூன்று நாளாகக் கிரைன் அந்தப் பக்கமே போகாததைப் பார்த்து, அங்கே எதையோ கண்டுவிட்டார் என்று லீனாவுக்குப் புரிந்துவிட்டது.

"என் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்."

"அவன் என் மூஞ்சியைப் பார்ப்பான். செடியைப் பார்க்கமாட்டான்."

இரக்கப்படாத ஆள் வேண்டும் என்று போய் நேல்சே அம்மாளின் கதவைத் தட்டினார்.

"ஒரு வருஷமா இதுக்குத்தான்யா காத்துக்கிட்டிருந்தேன்" என்று குடையைப் பிடுங்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். மூன்றாவது வரிசையில் நின்றாள். அந்த இடம் கிரைனுக்கு முன்பே தெரியும். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டுக் கையை நீட்டினாள். மண்வெட்டியால் தோண்டியதில் இருபத்தேழு கிழங்கு போயிற்று.

"இந்த நாலும் தப்பிச்சிருச்சு, தம்பி. வச்சுக்க."

"கையைச் சரியா நீட்டலையே, அக்கா. முழங்கை மடங்கியிருந்துச்சு."

"பார்க்க வந்தவ நான். என் கை, என் அளவு. பேசாம இரு."

வழக்கப்படி அது சரிதான். நாலு கிழங்கு இருந்தால் ஆறேழு வருஷத்தில் மறுபடி முப்பதாக்கிவிடலாம். சரி என்ற சொல் கிரைனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேலிக்கு அந்தப்புறம், அவர் மிச்சம் விட்டுவைத்திருந்த அவளுடைய நீலப் பாத்தி பூத்திருந்தது.

நோய்ச்செடியைப் பிடுங்கிய குழியில் மார்பை வைத்துக் குப்புறப் படுத்தார். தோள் மண்ணில் புதையக் கையை நீட்டினார். விரல் நுனி அந்த நாலில் கடைசிச் செடியைத் தொட்டது. நேல்சே அம்மாளிடமிருந்து மண்வெட்டியைக் கேட்டு வாங்காமல், படுத்தபடியே விரலால் அதன் அடியைத் தோண்டத் தொடங்கினார்.