கிளவுஸ் ஆகாத நர்ஸ்

நர்ஸ் வேலையில் சாப்பிட மறந்தாலும் கிளவுஸ் போட மறக்க முடியாது. ஒரு ஷிஃப்டில் எத்தனை ஜோடி மாட்டிக் கழற்றுகிறோம் என்று எண்ண ஆரம்பித்தால் வேலை ஓடாது. ஒரகடம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கையில் வெட்டு, காலில் வீக்கம், முதுகுவலி என்று கம்பெனி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கை அரித்தும் யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற நர்ஸ்களே, இது உங்களுக்காகத்தான்.

சோப்பு மேல் பழி

முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு புறங்கை முழுக்கச் சிவந்து தடித்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போர் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சர்ச்சில். நானும் படித்தவள்தானே, யோசிக்க வேண்டாமா? மூன்று சோப்பு மாற்றினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். பெரிய கூத்து என்னவென்றால், புண்ணான கைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரியில் கிளவுஸை ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டேன். அரிப்பு அடங்குமா?

என் வீட்டுக்காரர் கம்பெனியில் எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்து, ஒரு மாசம் முகம் சுளிக்காமல் பாத்திரம் தேய்த்தார். நல்ல மனுஷன். பொங்கலுக்கு எனக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. நாலாம் நாள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லீவுன்னா உன் கை ஷோக்கா கீது. அப்போ தப்பு ஆஸ்பத்திரி மேலதானே? நான் இன்னாத்துக்குடி ஒரு மாசமா பாத்திரம் தேய்ச்சிகினு கீறேன்?"

பறந்து வந்த பவுடர்

அதற்கப்புறமாவது டாக்டரிடம் காட்டினேனா? இல்லை. அடுத்தவருக்கு ஆயிரம் புத்தி சொல்வோம். நம் உடம்பு என்று வந்தால் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு ஓடுவோம். நீங்களும் அப்படித்தான், எனக்குத் தெரியும். ஒருநாள் காலை டிரெஸ்ஸிங் ரூமில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். கையில் கிளவுஸ்கூட இல்லை. பக்கத்தில் ஒரு சிஸ்டர் கட்டுப் போட்டு முடித்து, கிளவுஸைப் பட்டென்று உருவினாள். கையில் சுலபமாக ஏற உள்ளே தூவியிருக்கும் வெள்ளைப் பவுடர் பறந்தது. தும்மல் வந்தது, கண் வீங்கியது, அடுத்த நிமிஷம் நெஞ்சில் விசில் சத்தம். மூச்சை இழுத்தால் உள்ளே போகவில்லை. டியூட்டி டாக்டர் ஓடி வந்து தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார். அன்று அவர் அடுத்த ரூமில் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது. கிளவுஸ் செய்கிற ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ், அதில் இருக்கும் புரதம் எனக்கு ஆகவில்லை. பவுடர் அதைச் சுமந்துகொண்டு காற்றில் திரிகிறது. அடுத்த தடவை இதைவிட மோசமாகவும் வரலாம் என்றார் டாக்டர். போச்சுடா! கிளவுஸ் பக்கத்திலேயே நிற்க முடியாத நர்ஸுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வேலை? எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். பிடித்த தொழிலும் இதுதான். ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய் மேட்ரன் அம்மா முன்னால் நின்று அழுதேன். அவர் அதைப் படித்தார், மடித்துத் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். "நர்ஸை மாத்துறதுக்கு முன்னாடி கிளவுஸை மாத்திப் பாப்போம். போய் முகத்தைக் கழுவிட்டு வா."

முனியம்மாவின் காவல்

எனக்கு மட்டும் கிளவுஸ் மாற்றினால் போதாது. மற்றவர்கள் கையில் இருக்கும் பவுடர் கிளவுஸும் எனக்கு எமன்தான். அதனால் என் வார்டு முழுக்க, ரப்பர் பால் கலக்காத நீல நிற நைட்ரைல் கிளவுஸ் போடுவது என்று முடிவானது. ஸ்டோர் பார்க்கும் செல்வம் முதல் தடவை பவுடர் இல்லாத ரப்பர் கிளவுஸை வாங்கி வந்து பெருமையாக நீட்டினார். பவுடர் வெறும் வண்டிதான், அதில் ஏறி வருகிற ஆள்தான் வில்லன் என்று புரியவைத்து மாற்றுவதற்குள் ஒரு வாரம் ஆகிவிட்டது. நீலக் கிளவுஸ் வந்ததும், கையை இறுக்குகிறது, வியர்க்கிறது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அதுவே எனக்குப் பெரிசு.

ஆனால் எங்கள் வார்டு ஆயாம்மா முனியம்மா செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். யாரும் சொல்லாமலே வாசலில் காவல் நின்றது அந்த அம்மா. ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்த சர்ஜன் ஒருவர் வெள்ளைக் கிளவுஸோடு நுழையப் பார்த்தார். முனியம்மா மாப்புக் கட்டையைக் குறுக்கே வைத்துவிட்டது. அந்த அம்மா அசையவே இல்லை: "டாக்டர்னா இன்னா சார்? எங்க பொண்ணுக்கு மூச்சு வாங்கும். அங்கியே கழட்டிப் போட்டு, கைய கழுவிகினு வா."

ஆயுத பூஜைப் பலூன்

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு. ஆஸ்பத்திரி மட்டும் சும்மா இருக்குமா? ஈசிஜி மெஷினுக்குச் சந்தனம், வீல் சேருக்கு மாலை. எனக்காக ஒரு வெள்ளைக் கிளவுஸ் விடாமல் அப்புறப்படுத்திய அதே வார்டில், அந்த வருஷம் செல்வம் வாசல் முழுக்கக் கலர் கலராகப் பலூன் கட்டியிருந்தார். கதவைத் திறந்ததும் எனக்கு உதடு ஊறல் எடுத்தது. "ஐயோ, பலூனும் ரப்பர் பால்தான்!" என்று நான் கத்த, பதறிய மனுஷன் ஊசியை எடுத்து அத்தனையையும் உடைக்கக் கிளம்பினார். உடைத்தால் இன்னும் பறக்குமே! நான் படி இறங்கி ஓடி, கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

பலூன்களைக் கொத்தாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஜன்னலைத் திறந்துவிட்டு, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான எனக்காகப் பூஜையை முக்கால் மணி நேரம் தள்ளி வைத்தார்கள். பொரியும் சுண்டலும் முதலில் என் கைக்குத்தான் வந்தன. செல்வம் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார்: "கிளவுஸும் பலூனும் ஒரே குடும்பம்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் வாய் வலிக்க நூறு பலூன் ஊதியிருப்பேனா சிஸ்டர்?"

ஒரு சீப்பு வாழைப்பழம்

தெற்கே களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் முருகேசன் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொண்டான். மறுநாள் காலை பிளேட் வைக்க ஆபரேஷன். தியேட்டரில் மட்டும் அப்போதும் பழைய வெள்ளைக் கிளவுஸ்தான். அலர்ஜி ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். சின்ன வயதில் மூத்திரப் பையில் நாலு ஆபரேஷன் ஆனதாகச் சொன்னான். ரூமில் கூட இருக்கும் பையன்கள் வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பை, ஒன்றுகூடப் பிய்க்காமல் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளினான்.

எனக்குச் சுருக்கென்றது. ரப்பர் ஆகாத பலருக்கு வாழைப்பழமும் ஆகாது; எனக்கும் ஆகாது. அடிக்கடி ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்த அலர்ஜி வர வாய்ப்பு அதிகம். "பழம் தின்னா வாய் அரிக்குமா? பலூன் ஊதினா உதடு வீங்குமா?" என்றேன். அவன் முகம் மாறியது. "ஆமாக்கா. வாழை போடுதவன் மவன் வாழைப்பழம் ஆகாதுன்னா சிரிப்பாங்கள்லா? அதான் யார்ட்டயும் சொல்லதில்ல."

மயக்க டாக்டரிடம் ஓடினேன். "உனக்கு வந்தா ஊருக்கே வரணுமாம்மா?" என்று சிரித்தார். மேட்ரன் அம்மா சிரிக்கவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்து ரத்தம் அனுப்பினோம். முடிவு வந்தது: லேடெக்ஸ் அலர்ஜி, அதுவும் என்னைவிட அதிகம். அதே வெள்ளைக் கிளவுஸோடு அவனைத் திறந்திருந்தால்? துடைத்துச் சுத்தம் செய்த தியேட்டரில், காலை முதல் கேஸாக, ரப்பர் பால் இல்லாத கிளவுஸும் குழாயும் வைத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த மயக்க டாக்டர் இப்போது எல்லோரிடமும் வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்கிறார்.

டிஸ்சார்ஜ் அன்று என் கதையை, அந்த ராஜினாமாக் கடிதம் உட்பட, அவனிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "நீங்க அன்னைக்கு வேலைய விட்டுட்டுப் போயிருந்தா, என்ட்ட வாழைப்பழத்தப் பத்தி யாருக்கா கேட்டிருப்பா?"

வேலை பார்க்கிறவர்களில் நோய் என்னவோ எனக்கு ஒருத்திக்குத்தான், ஆனால் பத்தியம் இருப்பது எங்கள் வார்டு மொத்தமும்!