யாருக்கும் முறையில்லாத நாள்

மழைக்குள் நின்று வெங்காயத்துக்கு நீர் இறைத்த ஒரே மனிதரை என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். உரப்பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வரம்பில் நின்றார். மேலிருந்து வானம் ஊற்றியது, கீழிருந்து மோட்டர் ஊற்றியது, நடுவில் வெங்காயம் மூழ்கிக்கொண்டிருந்தது. நான் குடையோடு போய், "அத்தான், மழை பெய்யுது" என்றேன். படித்தவன் என்று ஊரில் பெயரெடுத்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய ஆகப் பெரிய கருத்து அதுதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மழை எல்லாருக்கும் பெய்யுது. முறை எனக்கு மட்டும்தான்" என்றார்.

புத்தூர்ப் பக்கம் இருக்கும் அந்தத் தோட்டக் கிணறு ஒரு பங்குக் கிணறு. பாதி அத்தானுக்கு, பாதி அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு. காணி உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆனால் ஒரே கிணற்றில் இறைப்பவர்கள். ஒற்றைத் திகதிகள் அத்தானின் முறை, இரட்டைத் திகதிகள் தம்பியின் முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. முப்பத்தொன்று ஒற்றை, மறுநாள் முதலாம் திகதியும் ஒற்றை. அடுத்தடுத்து இரண்டு நாள் அண்ணன்காரன் இறைப்பதா என்று தம்பி மண்வெட்டியோடு வந்து நிற்க, கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, முப்பத்தோராம் திகதி யாருக்கும் முறையில்லை என்று தீர்த்துவைத்தார்கள். அன்று கிணறு சும்மா கிடக்கும். நான் பார்த்த வரையில் எங்கள் வலிகாமப் பகுதியில் ஒழுங்காக நடைமுறைக்கு வந்த ஒரே நீர்ப் பாதுகாப்புத் திட்டம் அதுதான். இரண்டு பேரின் கோபத்தில் அது நடந்தது.

எனக்கு இதில் பேச உரிமை இருக்கிறது, ஏனென்றால் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சவர், அதாவது உப்பு, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மீட்டரால் அளப்பதுதான் என் உத்தியோகம். எங்கள் குடாநாட்டில் ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படைதான் எங்கள் சோறு, கறி, குளிப்பு எல்லாம். அளவாக எடுத்தால் அடுத்த மாரி நிரப்பும். ஆவேசமாக இழுத்தால் அடியில் இருப்பது மேலே வரும். பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அடி காணாத கிணறு என்று காட்டுவார்கள். ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் உப்பு என்பதை மட்டும் ஒருவரும் உரத்துச் சொல்வதில்லை. அடி காணாதது என்றால் முடியாதது என்று நினைத்தே நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

அத்தானின் கிணற்றில் ஒவ்வொரு வருடமும் சவர் கொஞ்சம் ஏறியது. ஆனால் முப்பத்தொன்றில் ஓய்ந்து எழும்பும் கிணற்றில் மறுநாள் காலை எடுத்த தண்ணீர் ஒரு மயிரிழை நன்றாக இருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் கிணற்றை ஓயவிட்டால் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத் தேநீர் குடித்தேன். தம்பிக்காரன், "அவர் விட்டால் நானும் விடுறன்" என்றான். அத்தான், "அவன் விட்டால் நான் ஏன் விடாமல் இருக்கிறன்?" என்றார். இவ்வளவு சுலபமாக ஓர் உடன்பாடு எட்டப்படும்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

முதல் கிழமை இருவரும் இறைக்கவில்லை. ஆனால் ஓய்வு நாளில் மற்றவன் இறைக்கிறானா என்று பார்க்க இருவரும் விடியற்காலையிலேயே தோட்டத்துக்கு வந்தார்கள். இரண்டாம் கிழமை, ஒற்றைத் திகதியில் வந்த ஓய்வு நாளன்று, விடியுமுன் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. தம்பியின் வாய்க்காலில் தண்ணீர் நின்றதை அத்தான் கண்டார். அவன் களவாக இறைத்துவிட்டான் என்று முடிவெடுத்து மோட்டரைப் போட்டார். சற்று நேரத்தில் மழை திரும்பவும் தொடங்கியது. நான் குடையோடு போனது அப்போதுதான்.

"அது மழைத் தண்ணி அத்தான்" என்று கெஞ்சினேன்.

"மழைத் தண்ணியையும் கிணத்துத் தண்ணியையும் பிரிச்சறிய எனக்குத் தெரியாதோ? உன்ரை கண்டறியாத மீட்டரைக் கொண்டுபோய் உவனுக்குக் காட்டு."

அவர் மழைக்குள் இறைப்பதைத் தம்பியும் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் பொழுதுபடும்வரை அவனுடைய மோட்டர் ஓயவில்லை. அத்துடன் என் உடன்பாடு முடிந்தது. முப்பத்தோராம் திகதியையும் அவர்கள் அதன்பிறகு மதிக்கவில்லை. யார் முதலில் மோட்டரைப் போடுகிறாரோ அவருக்கே அந்த நாள். இருந்த ஒரு ஓய்வையும் கெடுத்த பெருமை எனக்குரியது.

பிறகு மாரி பொய்த்த வருடம் வந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அத்தான் தன் முறை நாளொன்றில் துளைக்கிற மிசின்காரரைக் கூட்டிவந்து கிணற்றின் அடியில் குழாய் இறக்க ஆயத்தம் செய்தார். நான் ஓடிப்போய், கீழே உப்புத்தான் இருக்கிறது, துளைத்தால் திரும்ப மூட முடியாது என்று சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நான் எழுதியது. பள்ளிகளுக்காக நான் வேலை பார்க்கும் கந்தோர் அச்சடித்தது. இயற்கை வளங்களை இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தேன். இடப்பக்கம் மீளும் வளம்: வெயில், காற்று, தண்ணீர். வலப்பக்கம் மீளா வளம்: பெற்றோல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல்.

"தண்ணி மீளுற வளம் எண்டு ஆர் எழுதினது?"

"நான்தான் அத்தான். ஆனால்..."

"அப்ப மீளும்தானே. நீ பொய் எழுதமாட்டாய்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நம்பிச் சொன்னார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. கந்தோருக்கு அறிவித்துத் தடுத்திருக்கலாம். அக்காவின் முகத்தை நினைத்து அதையும் செய்யவில்லை. மிசின்காரருக்குக் கொடுத்த வடையில் இரண்டை நானும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று கிழமை தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது. அத்தான் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தார். நாலாம் கிழமை வெங்காயத் தாளின் நுனி கருகியது. அவர் வாய்க்கால் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டார், உப்புக் கரித்தும் துப்பவில்லை, விழுங்கினார். பிறகு மோட்டரை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தினார். தம்பியின் பக்கமும் அதே கிணறு, அதே தண்ணீர். வேலிக்கு அப்பால் அவனும் குந்தியிருந்தான்.

அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் அத்தான் என்னிடம் ஒன்றை மட்டும் கேட்பார்: "தம்பி, எப்ப மீளும்?" நல்ல மாரி நாலைந்து தொடர்ந்து வந்தால், ஒருவரும் இறைக்காமல் விட்டால் என்று இழுப்பேன். அவர் தலையாட்டுவார். புத்தகத்தின் மறுபதிப்பு வந்தபோது தண்ணீரை வலப்பக்கத்துக்கு மாற்றவேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் இரண்டு படமும் மறுபக்கம் நாலு படமும் வரும், வடிவாக இராது என்றார். தண்ணீர் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் இப்போதும் அதைப் பாடமாக்குகிறார்கள். அத்தான் போன வருடம் நெஞ்சுநோவில் போய்விட்டார். மீளுமா என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

அக்கா வீட்டுக்குக் குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. தோட்டத்தில் ஒன்றுமில்லை, வெயிலில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. போன கிழமை நான் போனபோது அவள் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வேலிப் படலையடியில் நின்று திரும்பி, "இண்டைக்கு ஒற்றை நாள். மோட்டரை ஒருக்காப் போட்டுவிடு தம்பி" என்றாள்.

"என்னத்துக்கு அக்கா? ஒரு பயிரும் இல்லையே."

"இறைக்காமல் விட்டால் எங்கடை பாதியும் தங்களுக்கெண்டு உவையள் வழக்குக்குப் போவினம். வேலிக்கு அங்காலையும் இரட்டை நாளிலை இறைக்கினம்தானே. அவர் இருக்கேக்கை ஒரு முறையும் விட்டதில்லை. நான் விடமாட்டன்."

அவள் போனபின் சுவிச்சைப் போட்டேன். உப்புத்தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வெறும் மண்ணில் பாத்தி பாத்தியாகப் பரவியது. பாதியில் நிறுத்தியிருக்கலாம், ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். கடைசிப் பாத்தி நிறையும்வரை நின்றேன்.