மாமனார் தண்ணீரில் இறங்கினார்

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதி, அவளிடம் கற்றுக்கொள்ள வந்துவிட்டு, பஸ்ஸே மேல் என்று திரும்பிப் போனவர்கள். டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருஷமாக ஆசிரியை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர்.

அந்தக் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக். பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இன்னொன்று. எதிரே லாரி வரவேண்டும் என்பதில்லை, லாரி வரலாம் என்று ஓர் எண்ணம் வந்தால் போதும், அவளுடைய வலது கால் தானாகப் போய் அமுக்கிவிடும். ஒருமுறை அவள் அமுக்கிய அமுக்கில், பாடம் படிக்க வந்த பெரியவர் ஒருவரின் பல்செட் கழன்று ஜன்னல் வழியே பறந்து, எதிரே வந்த தபால்காரரின் சைக்கிள் கூடையில் விழுந்ததாம். மறுநாள் அவர் அதைச் சரியான முகவரியில் சேர்த்துவிட்டாராம். நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் காரில் அவள் கால் வைக்கும் இடத்தில் மிதியடி ஓட்டையாகி அடித்தகரம் தெரிகிறது. அதை யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம்.

நாற்பத்து நான்காவது வயதில் அவளுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது. ரிவர்ஸ் எடுக்கப் பழகிய ஒரு மாணவி, பக்கத்துக் குதிரை லாயத்தின் வேலியை இடித்தாள். தொழிலுக்கு வந்த நாள் முதல் டீச்சர் பிரேக் அமுக்க மறந்த ஒரே நாள் அதுதான். காரணம், வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு அவளையே முறைத்த ஒரு குதிரை. மன்னிப்புக் கேட்க உள்ளே போனவள் மூன்று மணி நேரம் கழித்து, தலைமுடியில் வைக்கோலோடு திரும்பி வந்தாள். மாணவி அதுவரை ரிவர்ஸ் கியரிலேயே காத்திருந்தாள்.

அந்தக் குதிரைக்கு லாயத்தில் வைத்த பெயர் மாமனார். பழுப்பு நிறம், பெருத்த வயிறு, வாயைச் சுற்றி நரை. தீவனம் வைத்தால் ஒருதரம் சொன்னதும் தொடமாட்டார். மூன்று தரம் உபசரிக்க வேண்டும். யார் எதைச் செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீச்சரும் முதல் நாளிலிருந்தே "வாங்க மாமா, போங்க மாமா" என்றுதான் பேசினாள்.

அவள் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவருக்கு இது பொறுக்கவில்லை.

"எங்கப்பாவுக்குக்கூட நீ இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல."

"உங்கப்பா என்னை முதுகுல ஏத்திக்கிட்டு வேலி தாண்டினாரா?"



வருஷத்துக்கு ஒருமுறை, குதிரையைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். ஒரே நாளில் மூன்று கட்டம். முதலில், எழுத்துப் பலகைகள் நட்ட மைதானத்தில் சொன்ன இடத்தில் சொன்னபடி குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். அடுத்தது, வண்ணக் கட்டைகளை விழாமல் தாண்ட வேண்டும். கடைசியாகத் திறந்த வெளியில் மேடு, பள்ளம், மரக்கட்டை, தண்ணீர் என்று பதினான்கு தடைகள். ஒரே தடையில் குதிரை மூன்று தரம் மறுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும், பதினோராவது தடையான தண்ணீர்க் குட்டையில் மாமனார் ஒழுங்காக மூன்று தரம் மறுத்தார். டீச்சரும் ஒழுங்காக வீடு திரும்பினாள்.

இந்த வருஷம் லாயத்தின் சொந்தக்காரி, எல்லாரும் லாயத்தம்மா என்று கூப்பிடுபவர், கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதுதாம்மா கடைசி. இந்தத் தடவையும் முடிக்கலைன்னா, நாளையிலேருந்து இவரு சின்னப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வட்டம் சுத்தட்டும். உங்களுக்கும் அவருக்கும் ராசி இல்ல, விட்டுடுங்க."

மாமனார் வட்டம் சுற்றுவதா! சீட்டியடித்தபடி பிள்ளைகள் அவர் காதைப் பிடித்து இழுப்பதா! டீச்சர் மாமனாரின் காதைக் கையால் பொத்தினாள். லாயத்தம்மாவோ அதைக் கவனிக்காமல் சேணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "அது சரி, கால் வைக்கிற வளையத்துல வலது பக்க வார் மட்டும் ரெண்டு ஓட்டை நீண்டுபோச்சே. உங்க ஒரு கால் மட்டும் தனியா சாப்பிட்டுக் கனத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு, வாரைச் சுருக்கிக் கட்டினார்.

போட்டி நாள் காலை. முதல் கட்டத்தில், போட்டியாளர்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் படித்துச் சொல்லலாம். அந்த வேலைக்குக் கணவரைவிடத் தகுந்த ஆள் உண்டா? இஸ்திரி போட்ட சட்டையோடு காகிதத்தைப் பிடித்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"இருபது மீட்டர் வட்டம், இடது பக்கமாக."

டீச்சரும் மாமனாரும் சுற்றினார்கள். அழகான வட்டம். கணவருக்கு ரயில் நிலையத்தின் இருபத்தேழு வருஷப் பழக்கம் விடுமா?

"மீண்டும் கவனிக்கவும். இருபது மீட்டர் வட்டம், இடது பக்கமாக."

டீச்சர் பதற்றத்தில் இருந்தாள், மறுபடியும் சுற்றினாள். நடுவர் மணியடித்தார். தப்பு, இரண்டு மதிப்பெண் அபராதம்.

வெளியே வந்ததும் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குங்க ரெண்டு தரம் சொன்னீங்க?"

"ஒரு தரம் சொன்னா ஜனங்க காதுல விழாதுடி."

"நான் ஜனமா? உங்க பொண்டாட்டி!"

"அதனாலதான் ரெண்டு தரம்."

கட்டை தாண்டுவதில் மூன்று கட்டைகள் விழுந்தன. அது பரவாயில்லை. விழுந்த கட்டைக்கு மதிப்பெண்தான் போகும், ஆளைத் துரத்தமாட்டார்கள். எல்லாம் தண்ணீரில்தான் இருந்தது.

தண்ணீர்க் குட்டை முழங்கால் ஆழம். இரண்டு பக்கமும் கொடி. நாற்காலியில் மடிமேல் அட்டையோடு ஒரு நடுவரம்மா. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு டீச்சரின் நாத்தனார், வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள்.

"அண்ணி, வருஷா வருஷம் இதுவரைக்கும் வந்துடுறீங்க. இந்தத் தடவை அந்தாண்ட டீக்கடை வரைக்குமாவது வாங்க!"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு குட்டையைப் பார்த்து விரட்டினாள். மாமனார் காதை நிமிர்த்தினார், ஓடினார், கரைக்கு வந்தார், அப்படியே வலது பக்கம் வளைந்து கொடிக்கு வெளியே போய் நின்றார்.

"ஒன்று" என்று எழுதினார் நடுவரம்மா.

மறுபடி விரட்டினாள். மறுபடி வலது பக்கம்.

"இரண்டு."

நாத்தனார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். குடை குலுங்கியது.

டீச்சர் குதிரையைத் திருப்பிக்கொண்டு திரும்பி வரும்போது, ஈர மண்ணில் குளம்புத் தடம் கண்ணில் பட்டது. இரண்டு தடம். ஒன்றின் மேல் ஒன்று, அச்சடித்த மாதிரி ஒரே வளைவு. இந்த மாதிரித் தடத்தை அவள் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள், டயர்த் தடமாக. ஒரே இடத்தில் ஒரே பக்கம் இரண்டு தரம் ஒதுங்கினால் அது வண்டியின் குணமில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ செய்கிற வேலை.

யார்?

குனிந்து பார்த்தாள். குட்டை இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. அதற்குள் அவளுடைய வலது கால், இரும்பு வளையம் பூமியைத் துளைத்துவிடும்போல அமுக்கிக்கொண்டிருந்தது. பிரேக்! பாவம் மாமனார். முதுகில் ஒரு பக்கம் மட்டும் பாரம் இறங்கினால், அந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்து மரியாதையாகத் திரும்பியிருக்கிறார். மூன்று வருஷமாக!

"ஐயோ மாமா," என்றாள் சத்தமாகவே. "நீங்க சரியாத்தான் போனீங்க. பிரேக் போட்டது நான்."

அமுக்காதே என்று அந்தக் காலிடம் சொல்லிப் பயனில்லை. பத்தொன்பது வருஷமாக அது யார் பேச்சையும் கேட்டதில்லை. அதனால் அவள் வலது காலை வளையத்திலிருந்து உருவித் தொங்கவிட்டாள். இப்போது அமுக்கிக்கொள், பார்க்கலாம்! ஒற்றைக் காலோடு, பிடரி மயிரை ஒரு கொத்துப் பிடித்துக்கொண்டு விரட்டினாள்.

கரை வந்தது. வலது கால் காற்றை அமுக்கியது. இன்னும் அமுக்கியது. அமுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மாமனார் குதித்தார். குட்டையில் பாதித் தண்ணீர் மேலே போயிற்று. நடுவரம்மாவின் அட்டை நனைந்தது, கண்ணாடி நனைந்தது. சிரித்த சிரிப்பில் நாத்தனாரின் குடை மல்லாந்து போயிருந்ததால் அது ஒரு வாளி மாதிரி நிரம்பிற்று. அண்ணியின் சிரிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் மாமனாருக்குத் தண்ணீர் பிடித்துவிட்டது. நட்டநடுவில் நின்று, தலையைத் தாழ்த்தி, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா."

அசையவில்லை.

"வாங்க மாமா, நேரமாச்சு."

காதை மட்டும் அசைத்தார்.

"தயவு செஞ்சு வாங்க மாமா!"

மூன்றாவது தரம் உபசரித்ததும் உடனே கிளம்பினார். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. தொங்குகிற காலோடு, ஒரு பக்கம் சரிந்த தொப்பியோடு, இரண்டு பேரும் முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். நாற்பத்தோரு பேரில் நாற்பத்தோராவது. ஆனால் முடித்தவர்கள் பட்டியலில்!

போட்டி நடத்துபவர்களின் மைக் கரகரத்தது, ஒன்றும் புரியவில்லை. கணவரால் தாங்க முடியவில்லை. மைக் இல்லாமலே, மூன்று பிளாட்பாரத்துக்குக் கேட்கும் குரலில் ஆரம்பித்தார்.

"பயணிகள் கவனத்திற்கு! பதினோராவது தடை வழியாக வரும் மாமனார், நான்கு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்துவிட்டார். தாமதத்திற்கு வருந்துகிறோம்!"

ஜனங்கள் கைதட்டினார்கள். லாயத்தம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மீண்டும் கவனிக்கவும்! பதினோராவது தடை வழியாக வரும் மாமனார்..."

டீச்சர் குதிரையைத் திருப்பினாள். சுற்றி வந்து, முடிவுக் கோட்டை இன்னொரு முறை தாண்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் கோட்டருகே நின்றவர். "ஒருதரம் வந்தாச்சே?"

"தெரியுங்க," என்றாள் அவள் மூச்சு வாங்க. "அவரு ரெண்டு தரம் சொல்லிட்டாரே!"