அத்தை ஊற்றாத தண்ணீர்

விக்னேஸ்வரி ரெயின்கோட் போட்டுக்கொண்டுதான் சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா பார்க்கப் போனாள். எல்லை தாண்டி, ஹாட்யாயில் ஊரே நனைவதற்கென்று தெருவில் இறங்கி நிற்கும்போது, தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்துக்குக் கொடுக்கிற அந்த மஞ்சள் ரெயின்கோட்டை முழங்கால்வரை மாட்டி, தலைமூடியையும் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள். பாஸ்போர்ட்டை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். தண்ணீர்த் துப்பாக்கியும் கையுமாக அலைகிற பயல்களுக்கு இதைவிட நல்ல குறி எங்கே கிடைக்கும்? நனையக் கூடாது என்று ஒருத்தி நிற்கிறாள் என்றால் அவளை நனைத்துவிட்டுத்தான் மறுவேலை. கால் மணி நேரத்துக்குள் ஏழெட்டுப் பேர் வந்து அடித்துவிட்டுப் போனார்கள். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர். கழுத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கி முதுகெலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

அடிக்கிறவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனதால் அவளால் திட்டவும் முடியவில்லை. அது அவர்களுக்குப் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதே சமயத்தில்தான் வருகிறது. வீட்டில் புருஷன் வீரப்பன் இந்நேரம் பாயசம் வைக்கிறேன் என்று பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் பண்ணியிருப்பார். அவள் அதை நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு கூட்டத்தில் ரூபினியைத் தேடினாள். பச்சைச் சட்டை. பத்து நிமிடமாகக் காணவில்லை.

அவளுக்கு இங்கே வர ஆசையே கிடையாது. ரூபினிதான் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் தன்னோடு ஹோட்டலில் வேலை செய்கிற பெண்களைச் சேர்த்து வேன் பிடித்தாள். தோட்டத்து சசிதரனின் வேன். ஆறு பெண்கள், ஒரு அத்தை. அத்தை விக்னேஸ்வரி முதலில் மாட்டேன் என்றாள். நீங்க வராட்டி நான் தனியா போறேன் என்று ரூபினி சொன்னதும் மறுநாளே ஈப்போவுக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணைத் தண்ணீருக்கு நடுவில் தனியாக விட அவளுக்கு மனம் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், தொட வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தொடாமல் இருப்பதில்தான் அவளுடைய பதினொரு வருடமும் போயிருந்தது.

ரூபினி அவள் தம்பி மகேனின் மகள். அம்மா செத்தபிறகு மகேனைத் தூக்கி வளர்த்ததே விக்னேஸ்வரிதான். கல்யாணம் கட்டிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே தம்பியையும் பாயோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீரப்பன் தடுக்கவில்லை. மகேன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பெண்டாட்டி காய்ச்சலில் போய், கைக்குழந்தையோடு திரும்பவும் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தான். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை. எந்நேரமும் குறும்பு. அக்காளை ஏமாற்றிச் சிரிப்பதற்கென்றே பிறந்தவன்.

2013இல் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மூன்றாம் நாள் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. முறை உள்ளவர்கள்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாமன், மச்சான், கொழுந்தன், கொழுந்தியாள். உடன்பிறந்தவன் மேல் ஊற்றவே கூடாது. விக்னேஸ்வரி வருடா வருடம் கொழுந்தன் சின்னையாவைத் துரத்தித் துரத்தி ஊற்றுவாள். அவன் ஒரு கருப்பு ஜெர்சி போட்டிருப்பான், தோளில் மஞ்சள் கோடு. அன்றைக்கும் அந்த ஜெர்சியைத்தான் கூட்டத்தில் பார்த்தாள். முதுகைக் காட்டி நின்றான். தலையில் துண்டு. மேளச் சத்தத்துக்கு நடுவில் பின்னாலிருந்து ஏதோ ஒரு பிள்ளை "சின்ன மாமா, அந்தா சின்ன மாமா" என்று கத்தியது. அவள் ஓடிப்போய் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரையும் தலையோடு கவிழ்த்தாள். அவன் திரும்பினான். மகேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுற்றி நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவன் தலையில் அக்காள் கையால் மஞ்சள் தண்ணீரா என்று ஒரு கிழவி வாயில் கை வைத்தாள். உடனே மூன்று குடம் நல்ல தண்ணீர் ஊற்றி அம்மன் காலில் விழ வைக்க வேண்டும் என்றார்கள். விக்னேஸ்வரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மகேன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். சாயங்காலம் திரும்பி வந்தவனிடம் இப்போ ஊத்திக்கலாம் என்றாள், நாளைக்கு என்றான், பிறகு இருவரும் மறந்துபோனார்கள்.

ஐந்து மாதம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு ராத்திரியில் லெம்பா பெர்த்தாமில் வெள்ளமாகச் சேறு வந்தது. அன்றைக்கு மகேன் பண்ணையிலேயே தங்கியிருந்தான். மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

ஆஸ்பத்திரியில் கழுவித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் வாசலில் பலகையில் கிடத்தியபோது இடது காதுக்குப் பின்னால் ஒரு விரல் அளவு சேறு காய்ந்து ஒட்டியிருந்ததை விக்னேஸ்வரி பார்த்தாள். குளிப்பாட்ட வேண்டிய நேரம் வந்தது. அக்காள்தானே, முதல் செம்பை நீ ஊத்து என்று கையில் கொடுத்தார்கள். செம்பு நிறையத் தண்ணீர். இந்தக் கையால் ஊற்றியதால்தானே இவன் இப்படிக் கிடக்கிறான் என்று தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேறு யாரோ ஊற்றினார்கள். காதோரத்தை யாரும் கவனித்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சேற்றோடுதான் அவன் போனானா என்பது பதினொரு வருடமாக அவளை விடாமல் கேட்கிற கேள்வி.

அதற்குப் பிறகு மழை பெய்தால் போதும், மலைச்சரிவிலிருந்து ஈரமண் வாசனை எழும்பி வரும், அது அவளுக்கு மகேன் வந்து நிற்கிற வாசனை. விடிகாலையில் பேக்கிங் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் படியில் சேற்றுக் காலடி இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுப் படியில்தான் சேறு இல்லை? வீரப்பன் அதைத்தான் சொல்வார், அவரும் சேற்றுக் காலோடுதான் வருகிறவர். ஆனால் அவர் கால் எந்த அளவு, தம்பி கால் எந்த அளவு என்று அவளுக்குத் தெரியாதா? அவள் துடைப்பாளே தவிரத் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டாள்.

ரூபினியைச் சோறு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூட பஸ் ஏற்றி வளர்த்தாள். குளிக்க வார்த்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாளியை நிரப்பி வைத்துவிட்டு நீயே ஊத்திக்க என்று கதவுக்கு வெளியே நின்றுகொள்வாள். ரூபினி பெரிய மனுஷியானபோது முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. விக்னேஸ்வரி முதுகுவலி என்று படுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு சாரதாதான் ஊற்றினாள். ஈரத்தலையோடு மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். தம்பியை எடுத்துக்கொண்ட கை மகளையும் எடுத்துவிடும் என்ற பயத்துக்கு முன்னால் அவளால் எழுந்து வர முடியவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் ஹாட்யாய் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு லோரி மெதுவாக ஊர்ந்து வந்தது. பின்னால் இரண்டு பீப்பாய் தண்ணீர், பத்துப் பதினைந்து பிள்ளைகள், காது கிழிகிற பாட்டு. ஒரு பாட்டியம்மா பூப்போட்ட சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் மேல் ரப்பர் குழாயைப் பிடித்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரிக்குக்கூட அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. தண்ணீரை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அந்த வெள்ளைக் களிமண்ணைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறவர் கன்னத்தில் எல்லாம் பூசினார்கள். அவர்களுக்கு அது வாழ்த்து. தெரு முழுக்கச் சேறு அப்பிய முகங்கள் வந்தன. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதில் மகேன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான் என்று பார்த்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அவன் வந்தான்.

அதே அகன்ற நெற்றி. அதே விறைத்த காதுகள். நெற்றியிலிருந்து கழுத்துவரை களிமண். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு நேராக அவளை நோக்கி வந்தான். விக்னேஸ்வரி பின்னால் நகரப் பார்த்தாள், முதுகில் கடைக் கதவு இடித்தது. பச்சைச் சட்டை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கண்டுகொண்டாள்.

"அத்தை, கண்ணு எரியுது. தொறக்கவே முடியல. தண்ணி ஊத்துங்க."

விக்னேஸ்வரியின் கையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் மூடியைத் திறந்து ரூபினியின் கையில் திணிக்கப் பார்த்தாள். நீயே ஊத்திக்க என்றாள். ரூபினி பாட்டிலை வாங்கவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணை மூடியபடியே நின்றாள். கன்னத்துக் களிமண்ணில் கண்ணீர் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. எரிச்சலினால் வந்த கண்ணீர் என்றுதான் விக்னேஸ்வரி முதலில் நினைத்தாள்.

"நீங்கதான் ஊத்தணும். அதுக்குத்தான் ஒங்கள இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்தேன்," என்றாள் ரூபினி. "அன்னிக்குத் திருவிழால சின்ன மாமா அங்க நிக்கிறாருன்னு கத்துனது நான்தான் அத்தை. அப்பாதான் கத்தச் சொன்னாரு. ஒங்கள ஏமாத்தணும்னுதான் சின்ன மாமாவோட சட்டையவே மாத்திக்கிட்டாரு."

தெருவின் சத்தம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டதுபோல இருந்தது.

"எழவு வீட்ல எல்லாரும் குசுகுசுன்னு பேசுனாங்க. அக்கா தண்ணி ஊத்துனதாலதான்னு. நான் கேட்டேன். நான் பொய் சொன்னதாலதான் அப்பா செத்தாருன்னு நெனச்சேன். அது ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் எம்மேல ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்த மாட்டேங்கிறீங்கன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். சடங்குக்குக்கூட நீங்க வரல."

இப்படி ஒரு கூத்து உண்டா? ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தி தன் கைதான் கொன்றது என்றும் இன்னொருத்தி தன் வாய்தான் கொன்றது என்றும் பதினொரு வருடம் படுத்து எழுந்திருக்கிறார்கள். விக்னேஸ்வரிக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. செத்துப்போன தம்பிமேலும் வந்தது. ஒரு சிரிப்புக்காக எட்டு வயதுப் பிள்ளை வாயில் பொய்யைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானே பாவி. அந்த ஆத்திரத்தோடு அழுகையும் சேர்ந்து வந்தது.

பயம் போகவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பாட்டிலைத் தூக்கியபோது அன்றைக்குச் செம்பைப் பிடித்த நினைப்புத்தான் வந்தது. ஊற்றிவிட்டால் இனி ஐந்து மாதம் ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு போன் மணிக்கும் தான் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் எதிரே ஒரு பெண் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருக்கிறாள். அவளைவிட்டு எத்தனை தடவைதான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது?

ரெயின்கோட்டின் தலைமூடியை அவிழ்த்துப் பின்னால் தள்ளினாள். ரூபினியின் தாடையை இடது கையால் நிமிர்த்திப் பிடித்தாள். ஊற்றினாள்.

முதல் தண்ணீர் நெற்றியில் விழுந்து களிமண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. புருவம் வந்தது. மூக்கு வந்தது. மகேனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, பிறகு அதுவே ரூபினியின் முகமாயிற்று. விக்னேஸ்வரி விரலால் இமைகளைத் துடைத்துவிட்டாள். ரூபினி கண்ணைத் திறந்தாள். சிவந்திருந்தது. எந்த முகம் அது என்று ஒரு நிமிடம் விக்னேஸ்வரிக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை என்று இருந்தது. அவள் பார்வை இடது காதுக்குப் போனது. ஈர மயிரை ஒதுக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஒரு விரல் அளவு களிமண் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போயிருச்சா அத்தை?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. அசையாம நில்லுய்யா," என்றாள் விக்னேஸ்வரி. தம்பியைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அந்த இடத்தில் ஊற்றி, சுத்தமாகும்வரை கையால் தேய்த்துவிட்டாள்.